இருநூறு சதவீதப் பரிசோதனை

மணிமங்கலத்தில் என் மைத்துனி மகளுக்குக் கல்யாணம். நானும் என் மனைவியும் பென்னலூரிலிருந்து காலையிலேயே கிளம்பிவிட்டோம். பேருந்து ஒரகடம் கூட்டுச்சாலையை நெருங்கும்போது, அடுப்பை மூடினோமா என்ற சந்தேகம் எனக்கு வந்துவிட்டது.

"இறங்கு. ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்துடலாம்" என்றேன்.

"நான்தான் மூடினேன். நீங்களும் பாத்தீங்க. திரும்பிப் போய் இன்னொரு தபா பாத்தீங்க."

"பாத்தது ஞாபகம் இருக்கு. மூடியிருந்ததா என்பதுதான் ஞாபகமில்லை."

பேருந்து நின்றது. நான் எழுந்து படிக்கு வந்தேன். அவள் எழுந்திருக்கவில்லை. நடத்துநர் என்னைப் பார்த்து, "பெருசு, எறங்குறியா இல்லியா? சொம்மா படியில நின்னுகினு!" என்றார். நான் அவளைப் பார்த்தேன். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "நீங்க போய்ப் பாத்துக்கோங்க. நான் தாலி கட்றதைப் பாக்கப் போறேன்" என்றாள். நான் இறங்கினேன்.

அடுப்பு மூடித்தான் இருந்தது. ரெகுலேட்டர் குமிழும் திரும்பித்தான் இருந்தது. மறுபடி பேருந்து பிடித்து மணிமங்கலம் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் மூன்றாவது வரிசை எழுந்துகொண்டிருந்தது. என் மனைவி அங்கே இல்லை. எங்கள் மகளோடு மறைமலை நகரில் அவள் வீட்டுக்குப் போய்விட்டாள் என்றார்கள். சாயங்காலம் தொலைபேசியில் கூப்பிட்டேன். அவள் கோபமாகப் பேசவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நான் இங்கயே இருக்கேன். நீங்க யாருகிட்டயாவது போய்க் காட்டுங்க. நல்லா ஆனப்புறம் சொல்லுங்க, வரேன். ஆவலைன்னா வரமாட்டேன். அந்த வூட்டுல இன்னொரு தபா நான் கை நீட்டி ஓகே சொல்ல மாட்டேன்."

கை நீட்டுவது என்றால் என்ன என்று சொல்லிவிடுகிறேன். நான் முப்பது வருடத்துக்கு மேல் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருந்தவன். கடைசி ஐந்து வருடம் ஒரகடத்தில். பிரேக் குழாயின் முனையில் வரும் பித்தளை இணைப்பு எங்கள் பொருள். அங்கே லைனில் நிற்கிறவர்கள் ஒவ்வொரு வேலை முடிந்ததும் அதை விரலால் சுட்டி, வாய்விட்டு "ஓகே" என்று சொல்ல வேண்டும். கண் பார்க்கிறது, விரல் காட்டுகிறது, வாய் சொல்கிறது, காது கேட்கிறது. கவனம் சிதறாது. நல்ல பழக்கம்தான். ஓய்வு பெற்ற பிறகு அதை நான் சமையலறைக்குள் கொண்டுவந்தேன். முதலில் நான் மட்டும் செய்தேன். எனக்கு அது போதவில்லை. பிறகு அவளையும் செய்யச் சொன்னேன். வெளியே கிளம்பும் முன் அவள் அடுப்பைச் சுட்டி ஓகே, பின்கதவுத் தாழ்ப்பாளைச் சுட்டி ஓகே, மோட்டார் ஸ்விட்சைச் சுட்டி ஓகே. நான் பின்னால் நின்று கேட்பேன். ஏதாவது ஒன்றில் அவள் குரல் தணிந்திருந்தால் மறுபடி முதலிலிருந்து.

மாடியில் இரண்டு அறைகளை வாடகைக்கு விட்டிருந்தோம். தென்காசிப் பக்கத்துப் பையன்கள் நாலு பேர், எல்லாரும் கம்பெனி ஷிப்டில். ஒரு நாள் காலை அவர்கள் கதவையும் தட்டி, "கேஸை மூடினீங்களா?" என்று கேட்டேன். கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தவன் சொன்னான்: "தாத்தா, நைட் ஷிப்டு முடிச்சு இப்பத்தான் வந்து படுத்தேன். எங்ககிட்ட அடுப்பே கெடயாது. மெஸ்ஸுலல்லா சாப்புடுதோம்!" எனக்கு அது தெரியும். வாடகை பேசும்போது அடுப்பு வைக்கக்கூடாது என்று சொன்னதே நான்தான்.

மகள் ஒரு தொழிற்சாலையில் ஊழியர் நலப் பிரிவில் இருக்கிறாள். அவர்கள் கம்பெனியில் மன ஆலோசனைக்கு ஏற்பாடு இருந்தது. ஊழியரின் பெற்றோரும் பேசலாம்.

"ஆஸ்பத்திரி பெஞ்சில எல்லாம் உக்கார வேண்டாம்பா. கம்ப்யூட்டர்லயே முகம் பாத்துப் பேசலாம்."

"யாருக்கு அது? பைத்தியத்துக்கா?"

"தூக்கம் வராதவனுக்கு. மெஷின்ல விரல் போனவனுக்கு. மாமியாரோட மல்லுக்கட்றவளுக்கு. உங்களுக்கும்."

அவளே ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய மடிக்கணினி ஒன்றையும் டேட்டா கார்டையும் கொண்டுவந்து, எங்கே தொட வேண்டும் என்று காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள். அவளுடைய அம்மா அவளோடு வரவில்லை.

ஆலோசகர் கோயம்புத்தூரில் இருந்தார். அறுபதை நெருங்கிய பெண்மணி. நரைத்த தலை, தடித்த மூக்குக் கண்ணாடி. ஒரு பெரிய மருத்துவமனையில் இருபத்தைந்து வருடம் வேலை பார்த்தவர் என்று மகள் சொல்லியிருந்தாள். பேச நேரம் குறிப்பதே பெரிய வேலையாக இருந்தது. அது மின்வெட்டுக் காலம். எங்கள் பக்கம் ஒரு முறை வைத்து மின்சாரம் போகும், அவர்கள் ஊரில் வேறு முறை. இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் மின்சாரம் இருக்கும் வேளை எது என்று நான் இரு பக்கத்துக்கும் சேர்த்து ஓர் அட்டவணை போட்டேன். புதன்கிழமை பதினொன்று முதல் பன்னிரண்டு வரை என்று வந்தது. அம்மையார் அட்டவணையைப் பார்த்துவிட்டு, "நம்ம மின்வாரியத்துக்கே இவ்வளவு தெரியாதுங்க சார்" என்றார். முதல் பேச்சே அதுதான். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

முதல் புதன்கிழமைக்கு நான் தயாராகப் போயிருந்தேன். தொழிற்சாலையில் ஒரு குறை வந்தால் அடுத்தடுத்து ஐந்து முறை 'ஏன்' என்று கேட்போம். ஐந்தாவது பதிலில் மூலகாரணம் கிடைக்கும் என்பது கணக்கு. அதே போல எழுதி வைத்திருந்தேன். ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்? தீப்பிடிக்கும் என்ற பயம். ஏன் பயம்? பார்த்தது மனதில் நிற்பதில்லை. இப்படியே போய் ஐந்தாவதில் 'வயது' என்று முடிந்திருந்தது. தாளைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தேன். அவர் முன்னால் சாய்ந்து கடைசி வரி வரைக்கும் படித்தார்.

"நல்லா இருக்குதுங்க. ஆனா இதுல உங்க சம்சாரம் ஒரு எடத்துலயும் இல்லீங்களே?"

"அவங்க காரணம் இல்லையே மேடம்."

"காரணம் இல்லீங்க. அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு கேக்கறேன்."

"கோபம்."

"கோபம் மட்டும்தானுங்களா?"

நான் யோசித்தேன். மூலகாரணத்தைக் கண்டுபிடித்துக் கொடுங்கள், மீதியை நான் சரிசெய்துகொள்கிறேன் என்றேன். அவர் சிரித்தார். "காரணம் கெடைக்காமயே குணமானவங்களை நெறையப் பாத்திருக்கேன் சார். காரணம் கெடைச்சும் அடுப்படியிலேயே நின்னவங்களையும் பாத்திருக்கேன்." அது எனக்குப் பிடிக்கவில்லை. இத்தனை வருட அனுபவம் உள்ளவர் காரணத்தைத் தேடவில்லை என்றால் என்ன அனுபவம் என்று மகளிடம் குறைப்பட்டுக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஓர் அளவுகோல் கொடுத்தார். பயமே இல்லை என்றால் பூஜ்யம், தாங்கவே முடியாது என்றால் நூறு. அடுப்பை ஒரே ஒரு முறை மூடிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கூடத்தில் வந்து உட்கார வேண்டும். பயத்தின் எண்ணைச் சொல்ல வேண்டும். ஏதும் செய்யாமலிருந்தால் அது தானாக இறங்கும் என்றார். எனக்குப் பழகிய வேலை மாதிரி இருந்தது.

"அறுபத்திரண்டரை" என்றேன்.

"தசமம் எல்லாம் வேண்டாமுங்க. பயத்துக்கு அவ்வளவு நுட்பம் கெடையாது."

"எழுபத்தொன்று."

"இப்ப என்ன பண்ணணும்னு தோணுது?"

"எழுந்து போய்ப் பார்க்கணும்."

"தோணட்டும். உக்காந்திருங்க."

உட்கார்ந்திருந்தேன். அவரும் உட்கார்ந்திருந்தார். பேசவில்லை. திரையில் அவருக்குப் பின்னால் ஒரு காலண்டரும் நீலத் திரைச்சீலையும் தெரிந்தன. அவருடைய வீட்டில் யாரோ தேங்காய் துருவும் சத்தம் கேட்டது. இருபத்தைந்து நிமிடம் கழித்து ஐம்பத்தைந்து என்றேன். அவர் தலையை மட்டும் ஆட்டினார். சபாஷ் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன், சொல்லவில்லை.

மூன்றாவது வாரம்தான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன். அடுப்பைப் பற்றவைத்து அணைக்கும்போதே பேசிக்கொண்டிருக்கலாம் என்று சொல்லி மடிக்கணினியைக் கையிலேயே தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனேன். பற்றவைத்து, குமிழைத் திருப்பி அணைத்தேன். கூடத்துக்குத் திரும்புகிற நேரத்தில் பயம் எண்பதுக்கு மேல் ஏறிவிட்டது. சட்டென்று கணினியை அடுப்பின் பக்கம் திருப்பி, கேமராவைக் குமிழுக்கு நேரே பிடித்து, "மேடம், மூடியிருக்கா பாருங்க. உங்களுக்குத் தெரியுதா?" என்றேன்.

கணினியை என் பக்கம் திருப்பினேன். அம்மையார் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி இல்லாம எனக்கு அடுப்பும் தெரியாது, ஆனையும் தெரியாதுங்க சார்."

"போட்டுக்கிட்டுப் பாருங்களேன் மேடம். ஒரே ஒரு தடவை."

"போட மாட்டேனுங்க."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஒரு வயதான மனிதன் கேட்கிறான், ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்தார், போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க தொழில் தெரிஞ்சவங்க, ஒண்ணு கேக்கறேன். ஒரு பொருளை ஒருத்தர் சோதிச்ச பின்னால இன்னொருத்தரும் சோதிச்சா, தப்பு கொறையுங்களா?"

இது என் பாடம். வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தால் உடனே எல்லாத் துண்டையும் ஒவ்வொன்றாகச் சோதிக்கச் சொல்வார்கள். அது நூறு சதவீதம். மறுபடி புகார் வந்தால் இன்னொரு ஆளை உட்காரவைத்து இரண்டாம் முறை சோதிப்பார்கள். அது இருநூறு சதவீதம். இரண்டாவது ஆள் வந்ததும் குறை அதிகமாகத்தான் தப்பிப் போகும். அடுத்தவன் பார்ப்பான் என்று முதல் ஆள் விட்டுவிடுவான், முன்னவன் பார்த்திருப்பான் என்று இரண்டாவது ஆள் விட்டுவிடுவான். இதை எத்தனை பயிற்சி வகுப்பில் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன்! அவருக்கும் விளக்கமாகச் சொன்னேன். சொல்லி முடிக்கும்போது என் குரலே எனக்கு மெல்லக் கேட்டது.

"அப்ப உங்க வீட்டுல ரெண்டாவது ஆள் யாருங்க?" என்றார்.

"இத்தனை நாள் அவள். இன்றைக்கு நீங்கள்."

"நான் இந்த வேலைக்கு வரலீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

அன்று கணினியை மூடிய பிறகு நெடுநேரம் சமையலறை வாசலில் நின்றேன். உள்ளே போகவில்லை என்று எழுத ஆசைதான். போனேன். ஆனால் ஒரு முறைதான் பார்த்தேன்.

அடுத்த பாடம் வீட்டைப் பூட்டிக்கொண்டு நெடுஞ்சாலை வரை நடப்பது. அங்கே ஒரு டீக்கடை. ஒரு மணி நேரத்துக்கு முன் திரும்பக்கூடாது. கம்பெனிப் பேருந்துகள் வரிசையாகப் போகும், அவற்றை எண்ணிக்கொண்டு உட்காரலாம் என்று பார்த்தால் அதற்கும் தடை. எண்ணினால் பயம் தெரியாது, தெரிந்தால்தான் இறங்கும் என்றார். முதல் நாள் பாதி டீயிலேயே பொறுக்க முடியாமல் மாடிப் பையனுக்குத் தொலைபேசி செய்தேன். கீழே போய் அடுப்பை ஒரு பார்வை பார்க்கச் சொன்னேன்.

"கதவு பூட்டிக் கெடக்கே தாத்தா, எப்பிடிப் பாக்க? ஜன்னல்ல மூந்து பாக்கவா?"

"பார்."

"சாம்பார் வாசந்தான் வருது. நல்ல வாசம். எனக்குக் கொஞ்சம் கெடைக்குமா?"

அந்த வாரம் எண்கள் எல்லாம் நன்றாக வந்திருந்தன. அம்மையார் கேட்டுக்கொண்டே வந்து, "இந்த நாள் மட்டும் எப்படிங்க இவ்வளவு சுருக்கா எறங்குச்சு? யாரையாவது பாக்கச் சொன்னீங்களா?" என்றார். அத்தனை எண்ணில் அதை மட்டும் எப்படிப் பிடித்தாரோ. நல்ல இன்ஸ்பெக்டருக்கு ஒரு பெட்டியைத் திறந்தவுடனே கண் நேராகக் குறையுள்ள துண்டின் மேல்தான் போகும். மோந்து பார்த்ததைச் சொன்னேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பில்லாமல், "அந்தப் பையனையும் வேலைக்கு வச்சுக்காதீங்க" என்றார்.

இரண்டு மாதம் இப்படியே போனது. டீக்கடையில் ஒரு மணி நேரம் உட்கார முடிந்தது. ஸ்ரீபெரும்புதூர் போய் வங்கியில் வரிசையில் நின்றுவிட்டு வர முடிந்தது. மனைவியிடம் தொலைபேசியில் சொன்னேன். "நல்லது" என்றாள். வருகிறேன் என்று சொல்லவில்லை. நான் ஆலோசகரிடம் முறையிட்டேன். எண் இறங்கிவிட்டது, அவள் ஏன் இன்னும் வரவில்லை?

"அவங்ககிட்ட நான் பேசலாமுங்களா? நீங்க கேட்டுக்கிட்டு மட்டும் இருக்கணும்."

அடுத்த புதன்கிழமை மகள் விடுப்பு எடுத்துக்கொண்டு மறைமலை நகரில் தன் வீட்டுக் கணினியை அம்மாவுக்கு வைத்துக்கொடுத்தாள். மூன்று இடத்தைச் சேர்த்து இணைத்ததில் யார் முகமும் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது. அதுவும் நல்லதுக்குத்தான் என்று பிறகு தோன்றியது. பார்த்திருந்தால் நடுவில் பேசியிருப்பேன்.

"அம்மா, அவரு மாறியிருக்காருன்னு சொல்றாரு. நீங்க வர யோசிக்கறீங்க. எதுக்குன்னு சொல்லலாமுங்களா?"

அவள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"அவருக்கு பயம்னு எனக்குத் தெரியும் மேடம். அது பரவாயில்ல. நாப்பது வருசமா பாக்கறேன், எல்லாத்துக்கும் பயந்துகினுதான் இருக்காரு. எனக்கு எந்த பயமும் இருந்ததில்ல. மூடினா மூடினதுதான். இப்ப போன வாரம் பொண்ணு வூட்டுல பால் காய்ச்சி எறக்கிட்டு கூடத்துக்கு வந்தேன். நின்னுட்டேன். மூடினேனான்னு தெரியல. திரும்பிப் போயி அடுப்பாண்ட நின்னு விரலை நீட்டி ஓகேன்னு சொல்றேன். யாரும் சொல்லச் சொல்லல. பேரன் பாத்துட்டு சிரிக்கிறான். எனக்கு அழுகை வந்துடுச்சு. நான் செஞ்ச வேலைய நானே நம்பலைன்னா அப்புறம் நான் இன்னா மேடம்?"

அம்மையார் என்னைப் பேசச் சொல்லவில்லை. இரண்டாவது ஆளை உட்காரவைத்தால் முதல் ஆளுக்கு என்ன ஆகும் என்று நான் கரும்பலகையில் எழுதியதெல்லாம் தப்பிப் போகும் துண்டைப் பற்றி மட்டும்தான். அந்த ஆளைப் பற்றி ஒரு வரிகூட எழுதியதில்லை. இரண்டு மாதம் முன்னால், "கோபம் மட்டும்தானுங்களா?" என்று அவர் கேட்ட கேள்விக்குப் பதில் அப்போதுதான் கிடைத்தது.

இணைப்பு முடிகிற நேரத்தில் என் மனைவியே கேட்டாள்: "இது அவருக்கு நின்னா எனக்கும் நின்னுடுமா மேடம்?"

"உங்களுது இப்பத்தான் ஒட்டுனது. சீக்கிரம் போயிரும். ஆனா அங்க மறுபடி ஒட்டக்கூடாது பாருங்க."

அதற்கும் பத்து நாள் கழித்து அவள் வந்தாள். ஒரே ஒரு பையோடு வந்தாள். ஒரு மாதம் இருந்து பார்க்கிறேன், மீதித் துணி அங்கேயே இருக்கட்டும் என்றாள். அம்மையார் எங்களுக்கு ஒரே ஒரு விதி சொல்லியிருந்தார். அடுப்பைப் பற்றி நான் அவளிடம் எதுவும் கேட்கக்கூடாது, கேட்டாலும் அவள் பதில் சொல்லக்கூடாது. முதல் வாரம் நாலு முறை கேட்டேன். நாலு முறையும் அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைப் பார்த்தாள். இரண்டாவது வாரம் ஒரு முறை.

மூன்றாவது வாரம், ஒரு வெள்ளிக்கிழமை காலை, இருவரும் காய்கறி வாங்க ஸ்ரீபெரும்புதூர் போனோம். நான் எதுவும் கேட்கவில்லை. வழியில் எண் நாற்பதைத் தாண்டவில்லை. திரும்பி வரும்போது தெருமுனையிலேயே தீய்ந்த வாடை. மாடிப் பையன்கள் இரண்டு பேர் எங்கள் வாசலில் நின்றுகொண்டிருந்தார்கள். "தாத்தா, ஜன்னல்ல பொகையா வருது! போன் போட்டா எடுக்கவே மாட்டேங்கியளே!" பேருந்துச் சத்தத்தில் கேட்கவில்லை.

கதவைத் திறந்தோம். சமையலறை முழுக்கப் புகை. பருப்பு வேகவைத்த பாத்திரம் அடியோடு கரிந்து, அடுப்பில் சிறு தீ எரிந்துகொண்டிருந்தது. வேறொன்றும் ஆகவில்லை. அவள் போய்க் குமிழைத் திருப்பினாள். பாத்திரத்தைத் துணியால் பிடித்துத் தொட்டியில் வைத்தாள். தண்ணீர் பட்டதும் சீறியது. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நான்தான். மறந்துட்டேன்" என்றாள்.

சொல்லிவிட்டு, நான் ஆரம்பிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள்.

தொழிற்சாலையாக இருந்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சோதனையை விலக்கிக்கொண்ட பிறகு ஒரு குறை வந்தால் அந்த நிமிடமே சோதனை திரும்ப வந்துவிடும், முன்னைவிடக் கடுமையாக. விலக்கக் கையெழுத்துப் போட்டவனைக் கூப்பிட்டு நிற்கவைத்துக் கேட்பார்கள். நான் அப்படி எத்தனையோ பேரை நிற்கவைத்திருக்கிறேன். அதே வாக்கியங்கள் அதே வரிசையில் நாக்குவரை வந்து நின்றன. பார்த்தாயா, நான் சொன்னேனே, இத்தனை நாள் நான் என்ன பைத்தியக்காரனா?

அவள் முகத்தைப் பார்த்தேன். இன்னொரு வார்த்தை சொன்னால் அந்த ஒற்றைப் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள் என்பதுகூடப் பெரிதாகத் தோன்றவில்லை. போகாமல் இருந்துவிடுவாள், இனி ஒவ்வொரு முறையும் நான் கேட்காமலேயே விரலை நீட்டுவாள் என்பதுதான் தோன்றியது.

ஜன்னலை முழுக்கத் திறந்தேன். வாசலில் நின்ற பையன்களிடம், ஒன்றுமில்லை, பருப்புதான் என்று சொல்லி அனுப்பினேன். ஒருவன் மூக்கைச் சுளித்து, "இன்னைக்கு எனக்கு சாம்பார் வேண்டாம் தாத்தா" என்று சொல்லிவிட்டுப் போனான். உள்ளே வந்தேன்.

"தயிர் இருக்கில்ல? தயிர் சாதம் போதும்" என்றேன்.

"அவ்ளோதானா?"

"அவ்ளோதான்."

"உள்ள எவ்ளோ ஓடுது?"

"தொண்ணூற்றைந்து."

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள், புகையாகவும் இருக்கலாம். பிறகு கத்தரிக்காய்ப் பையைக் கொட்டி, சொத்தை எது என்று பார்க்க ஆரம்பித்தாள்.

அன்று சாயங்காலம் நான் அடுப்பை மூன்று முறை போய்ப் பார்த்தேன். புதன்கிழமை அம்மையாரிடம் அதைச் சொன்னேன். மூன்று முறை பார்த்ததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. "அவங்களைப் பாக்கச் சொன்னீங்களா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். முதல் தடவையாக, "நல்ல வேலை பண்ணியிருக்கீங்க சார்" என்றார்.

ஒரு மாதம் ஆனதை நான் நினைவுபடுத்தவில்லை. அவளும் பேசவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மகள் காரில் வந்து இறங்கினாள். பின் இருக்கை நிறைய அம்மாவின் புடவைகளும் கட்டைப்பைகளும். "என் பீரோவே மூட முடியலைம்மா, எடுத்துக்கோ" என்றாள். என் மனைவி பைகளைக்கூடப் பார்க்காமல் வாசலிலேயே நின்று பருப்பு தீய்ந்த கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். புகை தெரு வரை வந்ததாம், பாத்திரம் சிவக்கச் சிவக்கக் காய்ந்திருந்ததாம்.

"அப்பா என்னம்மா பண்ணாரு?"

"தயிர் கேட்டாருடி."

"யாரு? அப்பாவா?"

நான் காரிலிருந்து பைகளை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்தேன். மொத்தம் ஆறு.